பொய் ஈ

நார்வேயிலிருந்து ஆல்வின் அனுப்பிய பெட்டியில்
நாலு துண்டாய் ஒரு தூண்டில் கம்பு,
மஞ்சள் நூல் ஒரு உருளை,
தீப்பெட்டி அளவு டப்பாவில் பதினொரு ஈக்கள்.
சேவல் இறகும் முயல் மயிரும் சேர்த்துக்
கட்டிய பொய் ஈக்கள்.
ட்ரவுட்டுக்கு என்று சீட்டு.

எங்கள் மேலணையில் ட்ரவுட் கிடையாது.
கெண்டை உண்டு, கெளுத்தி உண்டு,
மீன்துறை விட்டுப்போன ஜிலேபி
மூத்த பங்காளி மாதிரி
நடுத்தண்ணியில் நிற்கும்.
அதுகளுக்குத் தெரிந்தது மண்புழு, மைதா உருண்டை,
படகிலிருந்து தவறி விழும் புரோட்டா.

மழைமானி பார்க்கிற வேலை எனக்கு.
ஐப்பசி அடைமழைக்கு முன்னால் இரண்டு ராத்திரி
கரையில் தங்கி, அளவுக்கல்லுக்கு வெள்ளையடித்து
எண் எழுதவேண்டும்.
வருகிறேன் என்றிருந்த லஸ்கருக்கு டெங்கு.
எமிமாள் அக்கா தன் புருஷனை அனுப்பினாள்.

இஸ்ரவேல் அத்தான்.
அவருக்கும் எனக்கும் அம்பை கோர்ட்டில்
மூன்றாவது வருஷமாக வாய்தா.
டோனாவூர்க் கிணறு.
செவ்வாய் என் முறை, புதன் அவர் முறை,
நடுவில் வருகிற ராத்திரி யாருக்கு
என்பதுதான் வழக்கு.

ஜீப்பில் பேச்சில்லை.
மணிமுத்தாறு செக்போஸ்ட்டில்
பிளாஸ்டிக் இருக்கா என்று வாட்சர் கேட்டபோது
இரண்டு பேரும் ஒரே மூச்சில் இல்லை என்றோம்.
(இருந்தது. கல்லிடைக்குறிச்சி அப்பளப் பாக்கெட்.)

கூடாரம் ஒன்றுதான், துறை கொடுத்தது.
இரண்டு பேர் படுக்கலாம் என்று போட்டிருந்தது.
எந்த இரண்டு பேர் என்று போடவில்லை.

வெயில் மலைக்குப் பின்னால் இறங்கினதும்
கம்பைப் பூட்டினேன்.
போனில் பார்த்தபடி பின்னால் வீசி, ஒரு மூச்சு நிறுத்தி,
முன்னால் வீச,
நூல் காற்றில் நீளமாய்க் கையெழுத்துப் போட்டு
தானே அழித்துக்கொண்டது.
ஈ தண்ணியைத் தொட்டது.
ஒரு கெண்டை வந்து பார்த்தது, போனது,
இன்னொன்றைக் கூட்டிவந்து காட்டியது.

"புழுவைப் போடும்வே"
என்றார் அத்தான், என்னிடம் இல்லை, தண்ணியிடம்.
கேட்காத மாதிரி பின்னால் வீசினேன்.
நூல் நின்றது.
மீன் போடாத ஒரு சத்தம்.

வலது காது மடலில் ஈ.
அங்கே உட்கார்ந்தபோதுதான்
அசல் ஈ மாதிரி இருந்தது.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
பதினாறு வருஷத்தில் முதல்தடவை
அவர் காதைப் பார்த்தேன்.
ஓரத்தில் ஐந்தாறு நரை,
காலையில் கழுவ விட்டுப்போன சவர நுரை
காய்ந்து ஒரு வெள்ளைக் கோடு.
முள்ளைப் பின்னால் இழுக்கக் கூடாது.
முன்னால் தள்ளி, முனை எட்டிப் பார்த்ததும்
நறுக்கவேண்டும்.
பையிலிருந்து பிளையரை எடுத்து நீட்டினார்.
போன சித்திரையில் என் மோட்டார் வயரை அறுத்தது
அதுதான் என்று என் மனுவில் இருக்கிறது.

"தள்ளுதேன். பொறுத்துக்கிடுங்க."
"தள்ளும். செவ்வாயா புதனான்னு
யோசிச்சிக்கிட்டு நிக்காதயும்."

நறுக்.
இருட்டில் எங்கேயோ மிளா கத்தியது.
அவர் ரத்தம் என் பெருவிரலில்
வெதுவெதுப்பாய் இருந்தது.

அப்புறம் அவரே புழு தோண்டி
மூங்கில் குச்சியில் மூன்று ஜிலேபி பிடித்தார்.
உப்பு மறந்திருந்தோம்.
அப்பளத்தைச் சுட்டு அதோடு வைத்துத் தின்றோம்.

நடுச்சாமத்தில் மழை.
கூடாரம் ஒழுகாத ஒரே பக்கத்துக்கு
இரண்டு முதுகும் நகர்ந்து வந்தன.
"இப்போ பெய்யுற மழையை
எந்தத் தேதியில எழுதுவீரு?"
"எங்க கணக்குல
காலை எட்டரைக்குத்தான் நாள் மாறும்."
வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.
"எட்டரையா" என்றார்.

காலையில் குடுவையை அவரே
வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.
நாற்பத்தாறு மில்லிமீட்டர்.
எழுதிக்கொண்டு,
மழையைப் பாறையில் ஊற்றினேன்.
அது கோணலாய் ஓடி ஏரிக்குள் போனது.

பதினேழாம் தேதி வாய்தா.
காதில் பிளாஸ்திரியோடு வருவார்.
வக்கீல் என்னவென்று கேட்பார்.
டப்பாவில் இன்னும் பத்து ஈக்கள் இருக்கின்றன.